பாக்காவ் கட்டையில் பூசணம்

பூசணம் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தவர். சரியாகக் காயாத ஷீட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் படரும். அதைத் தேய்த்துத் துடைத்து அடுக்குவது அவர் வேலை. துடைக்காமல் விட்டால் ஷீட்டின் தரம் இறங்கிவிடும், கிராணி சத்தம் போடுவார். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் பாட்டியின் கண் மாறவில்லை. ரொட்டியில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தால் போதும், முழு பாக்கெட்டும் குப்பைக்குப் போய்விடும்.

அப்படிப்பட்டவரிடம், "உங்க மகனோட காலைக் காப்பாத்தினது ஒரு பூசணத்தோட வம்சம்தான் பாட்டி" என்று சொன்னேன்.

"ரேடியோவுல பேசிப் பேசி உனக்கு எல்லாமே கதையாப் போச்சு" என்றார்.

அப்பாவுக்கு இருபது வருடமாக இனிப்புநீர். இந்த விஷயத்தில் அவருக்குத் துணைக்கு ஆள் நிறைய. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். அடுத்த கல்யாண விருந்தில் உங்கள் மேசையில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

புதுச் செருப்பு கடித்த இடம் புண்ணாகி, வலி தெரியாததால் அப்பா கவனிக்காமல் நடந்திருக்கிறார். விரல் கறுத்த பிறகுதான் மருத்துவமனை. ஒரு விரலை எடுத்தார்கள். பாதத்தை எடுக்க வேண்டி வருமா என்பது மருந்து கேட்பதைப் பொறுத்தது என்றார்கள். பதினொரு நாள். கம்பியில் தொங்கிய பையில் எழுதியிருந்த பெயரை நான் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்களைச் சரியாக உச்சரிப்பது என் பிழைப்பு. செஃப்யூராக்சிம். பாதம் தப்பியது.

செஃப்யூராக்சிம், செஃபலெக்சின், செஃப்ட்ரியாக்ஸோன் என்று 'செஃப்' போட்டுத் தொடங்கும் மருந்துகள் எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்தின் பெயர் செஃபலோஸ்போரின். கிளினிக்கில் கொடுத்த செஃபலெக்சின் மாத்திரையை நம்மில் பலர் எப்போதாவது விழுங்கியிருப்போம். அந்தக் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால் அது போய் நிற்கும் இடம், சொன்னால் முகம் சுளிப்பீர்கள், கடலில் சாக்கடை கலக்கும் ஒரு வாய்.

இத்தாலிக்குச் சொந்தமான சார்டினியா தீவு. அதன் தலைநகர் காலியாரி. அங்கே பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியல் பேராசிரியராக இருந்தவர் ஜுசெப்பே புரோட்ஸு. ஊரின் கழிவுநீர் கடலில் விழும் இடத்துக்கு அருகிலேயே பிள்ளைகள் குளிக்கிறார்கள், ஆனாலும் எதிர்பார்க்கும் அளவுக்கு டைஃபாய்டு வரவில்லை. அந்தத் தண்ணீரில் எதுவோ கிருமியைக் கொல்கிறது என்று அவருக்குப் பட்டது. 1945இல் அந்தக் கழிவுநீர் வாயருகே எடுத்த தண்ணீரிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். பூஞ்சை என்றால் வேறொன்றும் இல்லை, பாட்டியின் பூசணம்தான். அதன் சாறு டைஃபாய்டுக் கிருமியை அடக்கியது.

போர் முடிந்த நேரம், பணம் இல்லை, துணைக்கு ஆள் இல்லை. தன் கண்டுபிடிப்பை 1948இல் உள்ளூர் ஆய்வேடு ஒன்றில் வெளியிட்டார். தனக்குத் தெரிந்த ஓர் ஆங்கிலேய மருத்துவர் மூலம் பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. பென்சிலினை மருந்தாக்கிய அதே ஆய்வுக்கூடம். எட்வர்ட் ஆபிரகாம், கை நியூட்டன் என்ற இருவரும் அந்தச் சாற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் முதலில் வேறு பொருள்கள் கிடைத்தன. 1953இல்தான் செஃபலோஸ்போரின் சி கையில் சிக்கியது. அதன் வீரியம் குறைவுதான். ஆனால் பென்சிலினை உடைத்துப்போடும் நொதியை வைத்திருந்த கிருமிகளால் இதை அவ்வளவு எளிதாக உடைக்க முடியவில்லை. அதன் மூலக்கூறு அமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்ரே வழியாக உறுதிப்படுத்தியது 1961இல். அதிலிருந்து செய்த முதல் மருந்து கடைக்கு வந்தது 1964இல். தண்ணீர் எடுத்த நாளிலிருந்து பத்தொன்பது வருடம்.

இது உண்மையிலேயே கடல் பூஞ்சையா, தரையிலிருந்து கழிவுநீரோடு வந்து சேர்ந்ததா என்று கேட்டால், அந்த வகைப் பூஞ்சை மண்ணிலும் உண்டு. கடலிலேயே பிறந்து வளர்ந்து கடலிலேயே விதை பரப்பும் பூஞ்சை ஒரு வகை, தரையிலிருந்து வந்து உப்புக்குப் பழகிக்கொண்ட பூஞ்சை இன்னொரு வகை. மருந்து தேடுகிறவர்கள் இரண்டையும் விடுவதில்லை. வந்தேறி என்று எவரையும் தள்ளி வைக்காத இடம் அது ஒன்றாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, நம் பக்கத்துக் கடலில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியோடு போய் நின்றது என் தோழியிடம். தெபோங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் கடல் பூஞ்சைகளைப் பற்றி முதுகலை ஆய்வு செய்தவள். "ஸ்டூடியோவுல உக்காந்து கேட்டா ஒண்ணும் புரியாது, வா" என்று ஒரு சனிக்கிழமை காலை என்னைக் கோலா லிங்கிக்கு அழைத்துப் போனாள். மலாக்காவும் நெகிரி செம்பிலானும் சந்திக்கும் அந்த ஆற்று முகத்தில் பாக்காவ் காடு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆற்றில் முதலையும் இருக்கிறது, அதை அவள் வழியில்தான் சொன்னாள்.

தண்ணீர் வடிந்திருந்தது. காலைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. அழுகின முட்டை வாசம். அவள் உயிருள்ள மரங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விழுந்து, பாதி புதைந்து, ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் காய்ந்து கிடக்கும் கட்டைகளைத்தான் குனிந்து குனிந்து பார்த்தாள். ஒரு குச்சியின் மேல் மிளகுத்தூள் தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள். "இதுதான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு. உள்ள விதை இருக்கு" என்றாள். என் கண்ணுக்கு அது உலுத்துப்போன விறகு.

நம் நாட்டில் இப்படிக் குனிந்து பார்த்தவர்கள் முன்பே உண்டு. வேல்ஸ் நாட்டு அறிஞர் கேரத் ஜோன்ஸும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் குத்புதீனும் மலேசியக் கண்டல் காட்டுப் பூஞ்சைகளைப் பற்றி 1989இல் கட்டுரை எழுதினார்கள். 1995இல் சித்தி ஆயிஷா அலியாஸ் அவர்களோடு சேர்ந்து, எந்தக் கட்டையில் எந்தப் பூஞ்சை எத்தனை முறை தென்படுகிறது என்று கணக்கெடுத்து வெளியிட்டார். 2015இல் ஜோன்ஸும் மற்றவர்களும் தொகுத்த உலகப் பட்டியலில் கடல் பூஞ்சைகள் மொத்தமே 1,112 இனங்கள். உலகத்தில் எல்லாப் பூஞ்சைகளும் சேர்ந்து 22 லட்சம் முதல் 38 லட்சம் இனங்கள் வரை இருக்கலாம் என்பது 2017இல் வந்த ஒரு மதிப்பீடு. கடல் பக்கம் நாம் இன்னும் திண்ணையைத்தான் பார்த்திருக்கிறோம்.

கட்டையை எடுத்துவந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அவள் காரில் விளக்கினாள். சுத்தம் செய்த கட்டையை ஈரம் குறையாத டப்பாவில் மாதக்கணக்கில் வைத்து, எட்டிப் பார்க்கும் பூஞ்சையின் விதைகளை ஊசி முனையில் எடுத்து, தட்டில் நடுவார்கள். அந்தத் தட்டில் பாத்தியாக இருப்பது என்ன தெரியுமா? அகார் அகார். தீபாவளிக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கிண்டி, வெட்டி அடுக்குகிறோமே, அதே கடல்பாசிக் கூழ். 1881இல் ஜெர்மனியில், ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே, கிருமி வளர்க்கும் ஜெலட்டின் வெயிலில் உருகிவிடுகிறதே என்று தவித்தபோது, அவர் மனைவி ஃபான்னி ஹெஸ்ஸேதான் இதைச் சொன்னார். ஜாவாவில் இருந்து வந்த ஒரு டச்சுக்காரக் குடும்பத்திடம் அவர் கற்றுக்கொண்ட சமையல் அது. உலகத்தின் எல்லா ஆய்வுக்கூடங்களும் இன்றைக்கும் உச்சரிக்கும் அந்தச் சொல் மலாய்ச் சொல். எங்கள் வானொலியில் விஞ்ஞானம் பேசினால் நேயர்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த அகார் அகார் கதையைச் சொன்ன அன்று தொலைபேசி ஓயவில்லை. பாதிப் பேர் பக்குவம் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பூஞ்சை வளர்ந்ததும் அதைக் கரைப்பானில் ஊறவைத்துச் சாற்றை இறக்குகிறார்கள். பெரும்பாலும் எத்தில் அசிடேட். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம். ஒரு சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள். கிருமி பரப்பிய தட்டில் சாறு நனைத்த காகித வில்லையை வைத்தால், கிருமியை அடக்கும் பொருள் இருக்கும் பட்சத்தில் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். அந்த வட்டத்துக்குக் காரணமான ஒற்றைப் பொருளைத் தேடி, சாற்றைப் பிரித்து, சோதித்து, மறுபடி பிரித்து, கடைசியில் கருவிகளில் வைத்து அதன் எடையையும் அணுக்கள் கோத்திருக்கும் விதத்தையும் கண்டுபிடிக்க வேண்டும்.

"எனக்கு வட்டம் விழுந்துச்சு. நல்ல பெரிய வட்டம்" என்றாள் தோழி. "அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. எட்டு மாசம் கழிச்சுப் பார்த்தா, அது நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே யாரோ கண்டுபிடிச்ச பொருள்."

இந்தத் துறையில் இது அன்றாடம் நடப்பது. கடல் பூஞ்சைகளிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்கள் அறிவிக்கப்படுகின்றன என்பது உண்மை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படிப் 'பழசு' என்று தெரிந்து ஒதுக்கப்பட்டவை எத்தனையோ.

புதியது கிடைப்பதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தட்டில் தனியாக, வசதியாக, வேளாவேளைக்குச் சோறு கிடைத்து வளரும் பூஞ்சை பெரும்பாலும் சோம்பேறி. அதற்கு ஓர் எதிரியைக் காட்ட வேண்டும். பஹாமாஸ் கடலின் பழுப்புப் பாசி ஒன்றிலிருந்து எடுத்த பெஸ்டலோட்டியா என்ற பூஞ்சையை ஒரு கடல் பாக்டீரியாவோடு ஒரே குடுவையில் வளர்த்தார்கள். தனியாக இருந்தபோது செய்யாத ஒரு பொருளை அது அப்போது செய்தது. குளோரின் கோத்த அந்தப் பொருளுக்குப் பெஸ்டலோன் என்று பெயர் வைத்து 2001இல் வெளியிட்டார்கள். மருத்துவமனைகளைப் பயமுறுத்தும் எம்ஆர்எஸ்ஏ கிருமியை ஆய்வுக்கூடத்தில் அது அடக்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடாதவரை நம் குரலின் அளவு நமக்கே தெரிவதில்லை.

நம் கடலுக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் தாய்லாந்தில். கண்டல் காட்டுக் கட்டையில் கிடைத்த அய்கியாலஸ் பார்வஸ் என்ற பூஞ்சையிலிருந்து 2002இல் ஐந்து புதிய பொருள்களைப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்று மலேரியாக் கிருமியைத் தாக்கியது. மலேரியா என்றால் நம் முன்னோருக்கு வெறும் காய்ச்சல் அல்ல. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொண்டுபோன குளிர்காய்ச்சல். கொயினா மாத்திரையின் கசப்பைப் பாட்டி அவருடைய அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்தத் தாய்லாந்துப் பொருள் மருந்தாகிவிட்டதா என்றால், இல்லை. அது உடலின் சாதாரண உயிரணுக்களுக்கும் நஞ்சாக இருந்தது. ஹாலிமெடா என்ற பச்சைப் பாசியோடு வாழும் பூஞ்சையிலிருந்து வந்த ஒரு பொருளை மாதிரியாக வைத்துச் செய்த பிளினாபுலின் என்ற மருந்து இன்னும் தூரம் போனது. கீமோதெரப்பியில் வெள்ளை அணுக்கள் குறைவதைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் பெரிய சோதனைகள் நடந்து, 2021 கடைசியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசல்வரை போய், அனுமதி கிடைக்காமல் திரும்பியது.

இவ்வளவு தோல்விகளுக்குப் பிறகும் ஏன் தேட வேண்டும் என்று தோழியிடம் கேட்டேன். அவள் அப்பாவின் காலைப் பற்றிக் கேட்டாள். பிறகு சொன்னாள்: உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆபத்தான கிருமிகள் பட்டியலில், மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்களுக்கு அடங்காத குடல் கிருமிகள் உச்சப் பிரிவில் இருக்கின்றன. அப்பாவைக் காப்பாற்றிய அதே குடும்பம்தான். அவருடைய மற்ற ஒன்பது விரல்களுக்கும் இனிப்புநீர் இன்னும் இருக்கிறது. அடுத்த புண் வரும்போது பையில் எதை ஊற்றித் தொங்கவிடுவார்கள்?

சரவாக்கில் நடந்த ஒன்றையும் அவள்தான் நினைவுபடுத்தினாள். கடல் பூஞ்சை அல்ல, மரம்தான், ஆனாலும் இங்கே சொல்ல வேண்டியது. 1987இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காகத் தாவரம் சேகரித்தவர்கள் அங்கே பிந்தாங்கோர் வகை மரம் ஒன்றின் இலையையும் குச்சியையும் எடுத்துப் போனார்கள். அதில் எச்ஐவி கிருமியைத் தடுக்கும் கலனோலைட் ஏ என்ற பொருள் இருந்தது. கூடுதலாக எடுத்துவர அதே இடத்துக்குத் திரும்பியபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்ற மற்ற மரங்களில் அந்தப் பொருள் சரியாகக் கிடைக்கவில்லை. பிறகு தேடியதில் இன்னொரு பிந்தாங்கோர் மரத்தின் பாலில் அதன் சகோதரப் பொருள் கிடைத்தது. மரத்தை வெட்டாமல், பட்டையைக் கீறிப் பால் எடுத்தாலே போதும். இதைக் கேட்டபோது அப்பா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினாறு வயதில் வெட்டுக்கத்தி பிடித்தவர் அவர். "அதுக்கு நம்ம ஆளுங்களைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

மரம் ஒன்று போனால் போனது தெரியும். பூசணம் போனால் எவருக்குத் தெரியும்? மலாக்கா டவுனில் மக்கோத்தா பரேட் நிற்கும் இடம் ஒரு காலத்தில் கடல். அதற்கு அப்பால் மண் கொட்டிப் பூலாவ் மலாக்கா எழுந்தது. கடலோரம் தள்ளிக்கொண்டே போகிறது. ஊர் வளரக் கூடாது என்று சொல்லும் ஆள் நான் அல்ல, நானும் அங்கேதான் கார் நிறுத்தி ஜவுளி எடுக்கிறேன். ஆனால் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் உலுத்த கட்டைக்கு ஒரு வரி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கணக்கு என்று வந்தால் ஒரு நல்ல செய்தி உண்டு. உயிரியல் வளங்களைப் பெறுவது, பயனைப் பங்கிடுவது பற்றிய நம் நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2020 டிசம்பர் 18 முதல் நடப்பில் இருக்கிறது. ஆய்வுக்காகவோ வியாபாரத்துக்காகவோ ஒரு பிடி சேற்றை எடுத்துப் போக வேண்டுமென்றாலும் அனுமதி வேண்டும், பிறகு வரும் பயனில் நாட்டுக்கும் அங்கே வாழும் மக்களுக்கும் பங்கு பேச வேண்டும். அன்று கோலா லிங்கியில் நான் ஒரு குச்சியை ஞாபகமாக எடுத்துக்கொள்ளப் போனேன். "வச்சிடு, பர்மிட் இல்ல" என்று தோழி அதட்டினாள். குச்சியை அதே பள்ளத்தில், புள்ளிகள் மேலே தெரியும்படி திருப்பி வைத்தாள்.

அவள் இப்போது ஆய்வுக்கூடத்தில் இல்லை. உதவித்தொகை முடிந்தது, வீட்டில் கடன் இருந்தது, ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். படித்த காலத்தில் முறையாக அனுமதி வாங்கி அந்தச் சேற்றிலிருந்து அவள் பிரித்தெடுத்த பூஞ்சைகள் பதினான்கு. முழுமையாகச் சோதித்தது மூன்று. மிச்சம் பதினொன்றும் சுண்டுவிரல் அளவுக் குழாய்களில், பூஜ்ஜியத்துக்குக் கீழே எண்பது டிகிரி உறைபெட்டியில் இருக்கின்றன. செத்துப்போயிருக்காதா என்று கேட்டேன். "தூங்குது" என்றாள். ஒவ்வொரு குழாயின் மேலும் தேதி, இடம், எந்த மரத்தின் கட்டை, ஏற்றமா வற்றமா என்று அவள் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.